ரஸ்ட் மொழியில் அளவு வரம்புள்ள எல்ஆர்யூ கேச்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிரலில் செலவு பிடிக்கும் வேலை ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய படக்கோப்பைத் திறந்து, சுருக்கி, சிறுபடமாக்கித் தருவது அப்படிப்பட்ட வேலை. ஒருமுறை செய்த சிறுபடத்தை ஹாஷ்மேப்பில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணையில்) போட்டு வைத்தால் அடுத்த முறை உடனே எடுத்துக் கொடுத்துவிடலாம். தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே ஓடும். ஆனால் ஹாஷ்மேப் தானாக எதையும் கைவிடுவதில்லை. புதுப் படங்கள் வர வர அது வீங்கிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய சர்வரில் இது நினைவகக் கசிவுக்குச் சமம்.

இதற்கு வழக்கமான தீர்வுதான் எல்ஆர்யூ கேச். கேச் என்பது ஒருமுறை செய்ததை மறுபடி எடுக்க வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு. எல்ஆர்யூ என்பது 'லீஸ்ட் ரீசன்ட்லி யூஸ்டு', அதாவது பயன்படுத்தி நெடுநேரம் ஆனது என்பதன் சுருக்கம். கேச்சுக்கு ஒரு கொள்ளளவு வைக்கிறோம். அது நிரம்பிய பிறகு புதிதாக ஒன்று வந்தால், எதை யாரும் தொட்டு நெடுநேரம் ஆகிறதோ அது வெளியேற்றப்படும். அண்மையில் கேட்கப்பட்டது மறுபடியும் கேட்கப்படும் என்ற ஊகத்தின் மேல் நிற்கும் ஏற்பாடு இது. பெரும்பாலான நிரல்களில் அந்த ஊகம் பலிக்கிறது. பலிக்காத இடம் ஒன்றைப் பின்னால் பார்ப்போம்.

ரஸ்ட் மொழிக்கு வந்தவர்கள் இங்கே ஒரு வியப்பைச் சந்திப்பார்கள். மற்ற மொழிகளில் கேச்சிலிருந்து ஒன்றைப் படிப்பது வெறும் படிப்பாகத் தோன்றும். உண்மையில் எல்ஆர்யூ கேச்சில் ஒவ்வொரு படிப்பும் ஒரு மாற்றம்: படித்த பதிவு வரிசையின் தலைக்கு நகர்கிறது. மற்ற மொழிகள் இதை மறைத்துவிடுகின்றன, ரஸ்ட் மறைக்க விடுவதில்லை. கம்பைலர் தரும் பிழைகளில் பல இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

நூலகத்தைச் சேர்த்தல்

ரஸ்ட்டின் நிலையான நூலகத்தில் எல்ஆர்யூ கேச் கிடையாது. நீங்களே எழுதிப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம். இதற்கு இருதிசை இணைப்புப் பட்டியல் தேவை. ஒரு கணுவை (பட்டியலின் ஓர் உறுப்பை) முன்னும் பின்னும் இரண்டு பேர் சுட்ட வேண்டும் என்பது ரஸ்ட்டின் உடைமை விதிகளோடு நேராக மோதும். கற்றுக்கொள்வதற்காக எழுதுவதென்றால், பாயின்டர்களுக்குப் பதிலாக ஒரு வெக்டரில் கணுக்களை வைத்து, எண்களால் ஒன்றையொன்று சுட்டச் செய்யுங்கள். பாதித் தலைவலி போய்விடும்.

வேலைக்கு, எல்ஆர்யூ என்ற பெயரிலேயே உள்ள கிரேட் (ரஸ்ட் நூலகப் பொதி) போதும். திட்டத்தின் கோப்புறையில் நின்று 'கார்கோ ஆட் எல்ஆர்யூ' என்று கட்டளை கொடுத்தால், கார்கோ.டாமல் கோப்பில் அது தானாகப் பதிவாகிவிடும். இதே போன்ற பெயருடன் வேறு கிரேட்களும் இருக்கின்றன. கோடு போட்டு 'கேச்' என்று நீளும் பெயர் வேறொரு பழைய நூலகம். அதன் ஃபங்ஷன் பெயர்களும் வேறு.

உள்ளே நடப்பது இதுதான். ஹாஷ்மேப் ஒன்று சாவியிலிருந்து கணுவைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கணுக்கள் எல்லாம் ஒரு இருதிசைப் பட்டியலில் கோக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலின் தலையில் மிக அண்மையில் தொட்டது, வாலில் மிகப் பழையது. தேடுவது, தலைக்கு நகர்த்துவது, வாலை வெட்டுவது மூன்றுமே கேச்சின் அளவு எதுவானாலும் சராசரியாக ஒரே அளவு நேரத்தில் முடிகின்றன.

உருவாக்குதல்

எல்ஆர்யூகேச் வகையின் 'நியூ' ஃபங்ஷனுக்குக் கொள்ளளவைக் கொடுக்க வேண்டும். சாதாரண எண் ஒன்றைக் கொடுத்தால் கம்பைலர் ஏற்காது. அது கேட்பது நான்ஜீரோயூசைஸ் என்ற வகை, அதாவது பூஜ்யமாக இருக்கவே முடியாத எண். கொள்ளளவு பூஜ்யமான கேச்சுக்குப் பொருளில்லை என்பதால் அந்த வாய்ப்பையே வகையின் மட்டத்தில் அடைத்துவிட்டார்கள்.

நான்ஜீரோயூசைஸின் 'நியூ'வுக்கு 512 என்று கொடுத்தால் ஆப்ஷன் ஒன்று திரும்பும், அதாவது உள்ளே மதிப்பு இருக்கலாம், 'நன்' என்று வெறுமையாகவும் இருக்கலாம். எண்ணை நீங்களே நிரலில் எழுதியிருந்தால் 'அன்ராப்' (உள்ளிருக்கும் மதிப்பை எடுப்பது, இல்லையென்றால் நிரல் நின்றுவிடும்) போடலாம், தவறில்லை. எண் அமைப்புக் கோப்பிலிருந்து வருகிறது என்றால் 'அன்ராப்' வேண்டாம். யாரோ ஒருவர் 0 என்று எழுதி வைப்பார். அவர் சொல்ல வருவது பெரும்பாலும் "கேச்சே வேண்டாம்" என்பதுதான். 'நன்' திரும்பினால் கேச் இல்லாத பாதையில் நிரலை ஓடவிடுங்கள்.

இன்னொன்று. 'நியூ'வை அழைத்த உடனேயே உள்ளிருக்கும் ஹாஷ்மேப்புக்கு முழுக் கொள்ளளவுக்கான இடம் ஒதுக்கப்படுகிறது. அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று பல கோடியைக் கொள்ளளவாகக் கொடுத்தால், ஒரு பதிவு கூட நுழைவதற்கு முன்பே நினைவகம் போய்விடும். வரம்பே வேண்டாம் என்றால் 'அன்பவுண்டட்' என்ற தனி ஃபங்ஷன் இருக்கிறது. பழையதை நீங்களே 'பாப் எல்ஆர்யூ' கொண்டு நீக்கும் திட்டம் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஒரு முறை கையால் ஓட்டிப் பாருங்கள்

கொள்ளளவு 3. 'புட்' மூலம் அ, ஆ, இ என்ற மூன்று சாவிகளை அதே வரிசையில் போடுகிறோம். புதியதிலிருந்து பழையதுக்கு வரிசை: இ, ஆ, அ.

இப்போது 'கெட்' மூலம் அ-வைக் கேட்கிறோம். மதிப்பு கிடைக்கிறது, வரிசையும் மாறுகிறது: அ, இ, ஆ. அடுத்து ஈ-யைப் போடுகிறோம். இடமில்லை, வாலில் இருக்கும் ஆ போகிறது. வரிசை: ஈ, அ, இ. முதலில் போட்ட அ பிழைத்துக்கொண்டது, அதற்குப் பின்னால் வந்த ஆ போய்விட்டது. வந்த நேரம் கணக்கில் வருவதே இல்லை, கடைசியாகத் தொட்ட நேரம்தான் கணக்கு.

இந்த நிலையிலிருந்து 'பீக்' மூலம் இ-யைப் பார்க்கிறோம். மதிப்பு வரும், வரிசை அசையாது. பிறகு உ-வைப் போட்டால், சற்று முன் பார்த்த அதே இ வெளியேறிவிடும். 'பீக்'குக்குப் பதில் 'கெட்' போட்டிருந்தால் இ தலைக்குப் போயிருக்கும், அ வெளியேறியிருக்கும். ஒரே ஒரு சொல்லின் வேறுபாடு, வெளியேறும் பதிவே வேறு.

'கன்டெய்ன்ஸ்' என்பதும் 'பீக்' போலத்தான், சாவி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், வரிசையைத் தொடாது. "இருக்கிறதா என்று பார், இருந்தால் எடு" என்று இரண்டு படியாக எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது தேவையற்ற இரட்டைத் தேடல். 'கெட்' தரும் ஆப்ஷனிலேயே இரண்டு பதிலும் இருக்கின்றன.

சாவி ஸ்ட்ரிங் வகையாக இருந்தாலும், தேடும்போது ஒரு ஸ்ட்ரிங்கைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிய எழுத்துத் துண்டையே கொடுக்கலாம்.

'புட்' எதைத் திருப்பித் தருகிறது?

இங்கே பலர் தடுமாறுவார்கள். அதே சாவி ஏற்கெனவே இருந்தால், 'புட்' பழைய மதிப்பைத் திருப்பித் தரும். சாவி புதியதென்றால் 'நன்' தரும். அந்தப் புதிய சாவிக்கு இடம் கொடுக்க வேறொரு பதிவு வெளியேற்றப்பட்டிருந்தாலும் 'நன்'தான். வெளியேறியது சத்தமில்லாமல் அழிக்கப்பட்டுவிடும்.

சிறுபடம் போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் வெளியேறும் பதிவைக் கொண்டு ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், எடுத்துக்காட்டாக வட்டில் எழுத வேண்டியிருந்தால், 'புட்' உதவாது. அதற்கு 'புஷ்' இருக்கிறது. அது சாவியும் மதிப்புமாக ஒரு இணையைத் திருப்பித் தரும். கவனம்: அந்த இணை வெளியேற்றப்பட்ட பதிவாகவும் இருக்கலாம், அதே சாவியின் பழைய மதிப்பாகவும் இருக்கலாம். திரும்பிய சாவியை நீங்கள் போட்ட சாவியோடு ஒப்பிட்டால்தான் எது என்று தெரியும்.

கடன் சரிபார்ப்பான் மறிக்கும் இடங்கள்

ரஸ்ட்டில் ஒரு பொருளை உடைமையாக்காமல் தற்காலிகமாக வாங்கிப் பயன்படுத்துவது கடன். அதைக் கண்காணிக்கும் கம்பைலரின் பகுதிதான் கடன் சரிபார்ப்பான். 'கெட்' கேச்சின் மீது மாற்றத்தக்க கடனைக் கேட்கிறது, அதாவது மாற்றும் உரிமையோடு வாங்குகிறது. ஆகவே கேச் வைத்திருக்கும் மாறியை 'மியூட்' என்று அறிவிக்க வேண்டும். இது எளிய பகுதி.

அடுத்தது கொஞ்சம் கடினம். 'கெட்' தருவது மதிப்பு அல்ல, கேச்சுக்குள் இருக்கும் மதிப்புக்கு ஒரு ரெஃபரன்ஸ். அந்த ரெஃபரன்ஸ் உயிரோடு இருக்கும் வரை மாற்றத்தக்க கடனும் உயிரோடு இருக்கும். இரண்டு படங்களை அடுத்தடுத்து 'கெட்' செய்து, பிறகு இரண்டையும் ஒப்பிடலாம் என்று எழுதினால் ஈ0499 என்ற பிழை வரும்: ஒரே பொருளை ஒரே நேரத்தில் இரண்டு முறை மாற்றத்தக்க கடனாக வாங்க முடியாது. கம்பைலரின் பக்கம் நியாயம் இருக்கிறது. ரெஃபரன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேச்சில் புதிதாக ஒன்றைப் போட்டால், வெளியேறுவது நீங்கள் சுட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவாகவே இருக்கலாம். சி மொழியில் இது கம்பைல் ஆகி, என்றோ ஒரு நாள் சரியும்.

தீர்வு, மதிப்பை ஆர்க் என்ற பகிர்வுப் பாயின்டரில் பொதிந்து வைப்பது. 'கெட்' செய்த கையோடு 'குளோன்டு' போட்டால், படத்தின் பைட்கள் நகலாவதில்லை, பகிர்வோரின் எண்ணிக்கை ஒன்று கூடுவதோடு சரி. கேச்சின் மீதான கடன் அங்கேயே முடிந்துவிடும். கேச் அந்தப் பதிவை வெளியேற்றினாலும் உங்கள் கையில் இருக்கும் ஆர்க் செல்லும். எண்கள் போன்ற சிறிய மதிப்புகளுக்கு ஆர்க் தேவையில்லை, நேராக நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மறியல், எல்லோரும் இயல்பாக எழுதும் வடிவத்திலேயே வருகிறது. ஒரு ஃபங்ஷனில் "கேச்சில் இருந்தால் அதன் ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் கணக்கிட்டுப் போட்டுவிட்டுக் கொடு" என்று எழுதிப் பாருங்கள். மனிதக் கண்ணுக்கு அதில் தவறே தெரியாது. கம்பைலர் மறுக்கும். நிபந்தனைக்கு உட்பட்டுத் திருப்பித் தரப்படும் கடனை, அது திரும்பாத கிளையிலும் உயிரோடு இருப்பதாகவே இப்போதைய சரிபார்ப்பான் கணக்கிடுகிறது. இது அதன் அறியப்பட்ட குறை. போலோனியஸ் என்ற பெயரில் உருவாகிவரும் அடுத்த தலைமுறைச் சரிபார்ப்பான் தீர்க்க முனையும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 'கெட் ஆர் இன்சர்ட்' இதற்காகவே இருக்கிறது. சாவியையும், மதிப்பைக் கணக்கிடும் குளோஷரையும் (பெயரில்லாத சிறு ஃபங்ஷனையும்) கொடுங்கள், சாவி இல்லாதபோது மட்டும் குளோஷர் ஓடும். கணக்கீடு தோல்வியடையக்கூடும் என்றால் முன்னால் 'ட்ரை' சேர்த்த வடிவத்தை எடுங்கள். பிழை வந்தால் கேச்சில் எதுவும் பதியாது. கெட்டுப்போன படக்கோப்பு ஒன்று வந்தாலும் கேச் சுத்தமாக இருக்கும்.

பல த்ரெட்கள் பகிரும்போது

த்ரெட்கள் என்பவை ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடுகள். அவை கேச்சைப் பகிர, ஆர்டபிள்யூலாக் என்ற படிப்பு-எழுத்துப் பூட்டைப் பலர் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். படிப்பவர்கள் பலர், எழுதுபவர்கள் சிலர் என்ற கணக்கு. எல்ஆர்யூ கேச்சில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். 'கெட்'டுக்கு மாற்றத்தக்க கடன் வேண்டும், ஆகவே எழுத்துப் பூட்டுதான் வேண்டும். படிப்புப் பூட்டோடு 'பீக்' மட்டும் செய்து சமாளிக்கலாம் என்றால், வரிசை அசையாது. உள்ளே வந்த வரிசையிலேயே பதிவுகள் வெளியேறும், எல்ஆர்யூ என்ற பெயர் மட்டும் மிஞ்சும். சாதாரண மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போதும், அதுவே நேர்மையான தேர்வு.

மியூடெக்ஸோடு பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இது. பூட்டை எடுங்கள், 'கெட்' செய்து ஆர்க்கைக் குளோன் செய்யுங்கள், பூட்டை விடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பூட்டு இல்லாத நிலையில் படத்தைச் சுருக்குங்கள். பிறகு மறுபடி பூட்டை எடுத்து 'புட்' செய்யுங்கள். முந்தைய பகுதியில் நான் புகழ்ந்த 'கெட் ஆர் இன்சர்ட்'டை இங்கே போட்டால், குளோஷர் ஓடி முடியும் வரை பூட்டு பிடியில் இருக்கும். ஒரு த்ரெட் ஒரு பெரிய படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மற்றவை எல்லாம் வரிசையில் நிற்கும்.

பூட்டை விட்டுவிட்டுக் கணக்கிடும்போது, இரண்டு த்ரெட்கள் ஒரே படத்தை ஒரே நேரத்தில் சுருக்கும் வாய்ப்பு உண்டு. விடை ஒன்றுதான் என்பதால் பாதகமில்லை, கொஞ்சம் வீண் உழைப்பு. அந்த வீண் உழைப்பே தாங்க முடியாத அளவு என்றால், மோக்கா என்ற கிரேட்டுக்கு மாறுங்கள். அதன் 'கெட் வித்' ஒரே சாவிக்கு ஒரே நேரத்தில் வரும் அழைப்புகளை ஒன்றாக்கி, கணக்கீட்டை ஒருமுறை மட்டும் ஓட்டும். காலாவதி நேரம், பதிவின் எடை ஆகியவையும் அதில் உண்டு. எல்ஆர்யூ கிரேட்டில் காலாவதி கிடையாது.

இன்னொரு கண்ணியையும் காட்டிவிடுகிறேன். 'இஃப் லெட்' வரியிலேயே பூட்டை எடுத்து, அதே மூச்சில் 'கெட்' செய்து, 'எல்ஸ்' கிளைக்குள் மறுபடி பூட்டை எடுத்து 'புட்' செய்யும் நிரலை அடிக்கடி பார்க்கலாம். 2021 பதிப்பு வரையிலான ரஸ்ட்டில், முதல் பூட்டு 'எல்ஸ்' முடியும் வரை விடுபடுவதில்லை. த்ரெட் தன் பூட்டுக்காகத் தானே காத்து நிற்கும். கேச்சில் இருப்பதைக் கேட்கும் வரை எல்லாம் சரியாக ஓடும், இல்லாததைக் கேட்ட முதல் கணமே உறைந்துவிடும். 2024 பதிப்பில், அதாவது 2025 பிப்ரவரியில் வெளியான 1.85 முதல் கிடைப்பதில், 'எல்ஸ்' தொடங்கும் முன்பே பூட்டு விடுபடுமாறு விதியை மாற்றினார்கள். 'மேட்ச்' எழுதினால் பழைய நடத்தைதான். பதிப்பை நம்புவதைவிட, 'கெட்' செய்து குளோன் செய்த ஆப்ஷனைத் தனி 'லெட்' வரியில் ஒரு மாறிக்குள் எடுத்துவைப்பது நல்லது. அந்த வரி முடிந்ததும் பூட்டு போய்விடும்.

எவ்வளவு கொள்ளளவு?

கொள்ளளவு என்பது பதிவுகளின் எண்ணிக்கை. பைட்கள் அல்ல. 200க்கு 200 புள்ளிகள் கொண்ட சிறுபடம், புள்ளிக்கு 4 பைட் வீதம் 1,60,000 பைட். ஆயிரம் சிறுபடங்கள் என்றால் 16 கோடி பைட், சுமார் 160 எம்பி. தாங்கும். அதே கேச்சில் சுருக்கப்படாத 4000க்கு 3000 படங்கள் நுழைந்தால், ஒவ்வொன்றும் 4.8 கோடி பைட். ஆயிரம் நுழைந்தால் 48 ஜிபி. கேச்சுக்கு இரண்டும் ஒன்றே, அது ஆயிரம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். மதிப்புகளின் அளவு ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடும் என்றால், எடை பார்க்கும் கேச்சுக்குப் போவதுதான் வழி.

கொள்ளளவைக் கூட்டினால் நிலைமை மோசமாகுமோ என்ற பயம் எல்ஆர்யூவில் தேவையில்லை. முதலில் வந்தது முதலில் போகும் முறையில், அளவைக் கூட்டியும் தவறல்கள் (கேட்டது கேச்சில் இல்லாமல் போவது) அதிகரிக்கும் விநோதம் உண்டு, அதற்குக் கணினி அறிஞர் பெலாடியின் பெயரே வைத்திருக்கிறார்கள். எல்ஆர்யூவில் அது நடக்காது. பெரிய கேச்சில் இருப்பவற்றுள் சிறிய கேச்சில் இருந்திருக்கக்கூடிய அனைத்தும் எப்போதும் அடங்கியிருக்கும்.

எல்ஆர்யூ படுத்துவிடும் இடம் வேறு. கொள்ளளவு 3, நிரல் அ, ஆ, இ, ஈ என்று நான்கைச் சுழற்சியாகக் கேட்கிறது. ஈ வரும்போது அ வெளியேறும். அடுத்து வருவது அ-தான், அது இல்லை, அதற்காக ஆ வெளியேறும். அடுத்து வருவது ஆ. இப்படியே ஒவ்வொரு முறையும் அடுத்துத் தேவைப்படுவதையே துல்லியமாகத் தூக்கி எறியும். எத்தனை சுற்று ஓடினாலும் ஒரு முறை கூடப் பலன் கிடைக்காது. கோப்புறையில் உள்ள எல்லாப் படங்களையும் வரிசையாக அலசும் வேலை ஒன்று உங்கள் நிரலில் இருந்தால் கவனியுங்கள். அந்த ஒரு அலசல், பயனர்கள் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்த சிறுபடங்கள் அனைத்தையும் கேச்சிலிருந்து துடைத்துவிடும். அத்தகைய வேலைக்குக் கேச்சைத் தாண்டிப் போகும் தனிப் பாதை வையுங்கள், அல்லது அங்கே மட்டும் 'பீக்' பயன்படுத்தி 'புட்'டைத் தவிருங்கள். 'பீக்' உண்மையிலேயே ஈடுகொடுக்கும் இடம் இது.

மிகச் சிறிய கேச்சுக்கு

எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பதிவுகள் போதும் என்றால் ஹாஷ்மேப்பும் பாயின்டர்களும் மிகையான ஆடம்பரம். உலூரு என்ற கிரேட் இதற்குப் பொருத்தம். மொசில்லா தொடங்கிய செர்வோ உலாவித் திட்டத்திலிருந்து வந்தது அது. கொள்ளளவு வகையின் பகுதியாகவே எழுதப்படுகிறது. ரஸ்ட் 1.51இல், 2021இல் நிலைபெற்ற மாறிலி ஜெனரிக் வசதி அதற்குக் கைகொடுக்கிறது. பதிவுகள் அனைத்தும் ஒரு நிலையான அளவுள்ள வரிசையில் இருக்கும். ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) தேவையில்லை, ஆகவே இயங்குதளம் இல்லாத மைக்ரோகண்ட்ரோலரிலும் ஓடும்.

சாவி என்ற கருத்தே இதில் இல்லை. சாவியையும் மதிப்பையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்து, 'ஃபைன்ட்' ஃபங்ஷனுக்குச் "சாவி இதுவா?" என்று சோதிக்கும் குளோஷரைக் கொடுக்க வேண்டும். அது தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கிடைத்ததைத் தலைக்கு நகர்த்தித் தரும். சாவி இல்லாததால், 'இன்சர்ட்' இரட்டைப் பதிவைக் கண்டுகொள்ளாது. ஒரே சாவியோடு இரண்டு முறை போட்டால் இரண்டும் இடம் பிடிக்கும். முதலில் 'ஃபைன்ட்', கிடைக்காவிட்டால் மட்டும் 'இன்சர்ட்' என்ற வரிசையை மீறாதீர்கள். எல்ஆர்யூ கிரேட்டின் 'புட்'டைப் போலன்றி, இதன் 'இன்சர்ட்' வெளியேறிய பதிவை உங்கள் கையிலேயே கொடுத்துவிடும்.

சோதனையும் கணக்கும்

கையால் ஓட்டிப் பார்த்த அந்த மூன்று சாவி எடுத்துக்காட்டை அப்படியே ஒரு சோதனை ஃபங்ஷனாக எழுதி வையுங்கள். 'இட்டர்' பதிவுகளைப் புதியதிலிருந்து பழையதாகத் தரும், அதைத் தொடுவதால் வரிசை மாறாது. எனவே ஒவ்வொரு படிக்குப் பிறகும் வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நாளை யாராவது 'கெட்'டை 'பீக்' என்று மாற்றினால் சோதனை அங்கேயே கத்தும்.

கேச் எத்தனை முறை உதவியது என்ற கணக்கை எல்ஆர்யூ கிரேட் வைத்திருப்பதில்லை. கேச்சைச் சுற்றி ஒரு சிறிய ஸ்ட்ரக்ட் எழுதி, கிடைத்தது எத்தனை, தவறியது எத்தனை என்று இரண்டு எண்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். உண்மையான பயன்பாட்டில் ஓடவிட்டு அவற்றைப் பாருங்கள். கொள்ளளவைக் கூட்டியும் கிடைத்தவை ஏறவில்லை என்றால், 'ரீசைஸ்' செய்து பழைய அளவுக்கே இறக்கிவிடலாம். அது மிகப் பழைய பதிவுகளிலிருந்து வெட்டிக்கொண்டு வரும். தவறல்களே பெரும்பான்மை என்றால், எங்கோ ஒரு வரிசை அலசல் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் கேச்சையே எடுத்துவிட்டு வேகத்தை மறுபடி அளந்து பாருங்கள்.